நான்காவது சென்சார்

சென்சாரில் கோளாறு என்றால் கார் சாவி அப்பாவிடமே இருக்கும். சென்சார் நன்றாக இருந்தால் சாவியை அண்ணன் வாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு அப்பா வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் அப்படித்தான் முடிவானது. எது என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் பகலில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மாலையில் வாகன மின்பழுது பார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். பாதிப் பாடம்கூட இன்னும் முடியவில்லை. ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பைப் பார்த்து, ஃபியூஸைப் பார்த்து, வயரைப் பார்த்து, எதையாவது விட்டுவிட்டோமோ என்று மறுபடியும் பல்பிலிருந்து ஆரம்பிப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவேன். அண்ணன் எனக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறான். என்னிடம் இருக்கும் மல்டிமீட்டரைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்குமே டாக்ஸி மீட்டர், அது.

"நல்லா யோசி மீட்டர், வேணாங்கல. ஆனா மழுப்பாத. இது குட்டி விஷயம்," என்றான்.

குட்டி என்பது அவன் மகள். நடக்கக் கற்றதும் நடப்பதை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். அந்த வாரம் ஒரு காலையில் அப்பா வழக்கம்போல முற்றத்திலிருந்து பின்பக்கமாகவே வண்டியைத் தெருவுக்கு எடுத்தார். குட்டியின் மூன்று சக்கர சைக்கிள் பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. சைக்கிளில் யாரும் இல்லை. முகம் கழுவிவிட அண்ணி அப்போதுதான் குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தாள். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தோம். யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணி மட்டும் குட்டியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அன்று முழுக்க இறக்கவில்லை.

சென்சார் கத்தவில்லை என்றார் அப்பா. கத்தியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனா என்று கேட்டார். அதை அவர் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்பா ஒரு பெரிய ஆலையின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருக்கிற ஒரே வேலை அந்தக் கார்தான். அம்மா தைக்கிற திரைச்சீலைகளையும் மெத்தை உறைகளையும் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டில் யாருக்கு எங்கே போக வேண்டும் என்றாலும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் எழுந்து நிற்பவர் அவர். சாவி போனால் அவர் வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஆகிவிடுவார். எங்கள் தெருவில் அப்படி ஆனவர்களை அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் குட்டியைக் கூட்டிக்கொண்டு புது சைக்கிள் வாங்க ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். திரும்பி வரும்போது பதில் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான் அண்ணன். அம்மா உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பின்சக்கரங்களுக்குப் பின்னால் சக்கரத்துக்கு ஒன்றாகச் செங்கல்லை அண்டை கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் கியரைப் போடச் சொன்னேன்.

"எஞ்சினே போடலையே, அப்புறம் எதுக்கு செங்கல்லு?"

"நான் பின்னாடி உக்காரப் போறேன்பா."

அப்பா இறங்கி வந்து செங்கற்களைக் காலால் தள்ளி, சக்கரத்தோடு இன்னும் ஒட்ட வைத்துவிட்டுப் போனார்.

ரிவர்ஸ் போட்டதும் காருக்குள் ஒரு நீளமான சத்தம் வந்து நின்றது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. நான் பம்பருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன். மரப்பலகையை நீட்டினேன். அமைதி.

"பாத்தியா? சத்தமே வரல," என்றார் அப்பா.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது. வகுப்பில் படித்ததுதான். நான்கு சென்சாரில் ஒன்று செத்தாலும் மொத்த அமைப்பும் படுத்துக்கொள்ளும். படுக்கும் முன் நீளமாக ஒருமுறை கத்திச் சொல்லும். அப்பா சொன்னது சரி. கோளாறு இருக்கிறது. இனி அது எதில் என்று கண்டுபிடித்தால் போதும்.

எச்சரிக்கைச் சத்தம் நின்றுபோனாலும், வேலை செய்கிற சென்சார் மெல்லிசாக டிக் டிக் என்று துடிக்கும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும், விரலை வைத்தால் எறும்பு ஊர்வது போலத் தெரியும். பக்கத்து வீட்டுத் துளைக்கருவி நிற்கும் நேரமாகப் பார்த்து மண்டியிட்டு, இடது ஓரத்திலிருந்து காதை வைத்துக்கொண்டே வந்தேன். முதலாவது துடித்தது. இரண்டாவது, மூன்றாவது துடித்தன. நான்காவதில் எதுவும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். நான்காவதில் எதுவும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு என் காதின் மேல் நம்பிக்கை வரவில்லை. வேண்டும் என்று நினைத்ததையே கேட்கிறேனோ என்று தோன்றியது. அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடி இறக்கியிருந்தும் அவர் திரும்பவில்லை. துளைக்கருவி மறுபடி ஆரம்பித்திருந்தது. எழுந்து போய் அவர் கையைத் தொட்டுச் சொன்னேன். அவர் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான்காவது சென்சாரின் மேல் காதை வைத்தார்.

"கேக்குதாப்பா?"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "ம். கேக்குதே," என்றார்.

மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றிக் கேட்டோமோ? மறுபடி காதை வைத்தேன். இந்த முறை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் பழக்கம் பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்கும் நன்றாக இருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. டிக்கியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தேடி, அதற்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்தேன். வந்தது. எர்த் சரியாக இருந்தது. வெயில் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. அண்ணன் வந்துவிடுவான். விரல்கள் வியர்த்து மீட்டரின் முனை இரண்டுமுறை வழுக்கியது.

காது இரண்டு பேருடையது, விரல் என்னுடையது என்று கடைசியில்தான் தோன்றியது. போய் நான்காவதின் மேல் சுண்டுவிரலை வைத்தேன். கல் மாதிரி இருந்தது. மூன்றாவதில் வைத்தேன். எறும்பு ஊர்ந்தது. சாக்கை விரித்து பம்பருக்கு அடியில் மல்லாந்து படுத்து, நான்காவதின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே இருந்த மூன்று பின்களில் ஒன்று பச்சைப் பாசி பிடித்தது போல அரித்துக் கிடந்தது.

அப்பா தவறாகக் கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை. சந்தோஷத்துக்கு அவ்வளவுதான் மூளை.

பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்பிரே அடித்து, துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. குட்டி கடையில் சிவப்பு சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றாள், அதையே வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம் என்றான். என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"கண்டுபிடிச்சுட்டேன். சென்சார்லதான்," என்றேன்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. "அப்பாகிட்ட நான்தான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். வந்து சொல்றேன்," என்றான்.

சரிசெய்த பிறகு, புகார் சொன்னவரையே உட்கார வைத்து, கோளாறு நடந்தபோது இருந்தது போலவே எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் வழக்கம். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. நான் செய்வேன். அன்று காலை அப்பா ஏ.சி. போட்டுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார். இப்போதும் ஏற்றச் சொன்னேன். டிக்கியை மூடி, ரிவர்ஸை எடுத்து மறுபடி போடச் சொன்னேன். கண்ணாடி ஏற்றிய பிறகு எனக்கு வெளியே எதுவும் கேட்காது, துளைக்கருவி வேறு. அதனால் சைகை பேசிக்கொண்டோம். சத்தம் ஆரம்பித்தால் ஒரு விரல். வேகமானால் இரண்டு. விடாமல் கத்தினால் உள்ளங்கை முழுக்க.

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகிலிருந்து மெதுவாக முன்னால் வந்தேன். பின்கண்ணாடி வழியாக அப்பாவின் தலையும் தோளும் தெரிந்தன. ஒரு விரல் எழுந்தது. இன்னும் வந்தேன். இரண்டு விரல். பம்பரைத் தொடும் அளவுக்கு வந்தேன். உள்ளங்கை விரிந்தது. மிகச் சரியாக விரிந்தது. பின்னால் போனேன், விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன். சந்தேகமே இல்லாமல்.

பிரஷை எடுக்கக் குனிந்தேன்.

பம்பருக்கு அடியில் நான்காவதின் பிளக் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

போன் வந்ததும் எழுந்தவள் அதைத் திரும்ப மாட்டவே இல்லை. கதவைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற நான் இதை மறந்திருக்கிறேன். பிளக் மாட்டாமல் அமைப்பு கத்தியிருக்கவே முடியாது. ரிவர்ஸ் போட்டபோது ஒரு நீளச் சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் ஒரு சத்தமும் வந்திருக்காது.

அப்பா கைவிரல்களால் எதைச் சொன்னார்?

என்னை நானே நம்பவில்லை. ஒருவேளை தொங்கிக்கொண்டே தொடர்பு இருந்ததோ என்று பிளக்கை இன்னும் விலக்கிக் கட்டினேன். பின்கதவைத் திறந்து, எதையோ எடுப்பது போலத் தலையை உள்ளே விட்டேன். அமைதி. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை பார்க்கலாமா என்று சைகை காட்டினேன். அப்பா தலையாட்டினார். பலகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தேன். இந்த முறை பலகையைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே, நடுக் கண்ணாடியில், அப்பாவின் கண்கள் என் கைகளையே அளந்துகொண்டிருந்தன. ஒரு விரல். இரண்டு விரல். உள்ளங்கை.

பலகையைக் கீழே வைத்தேன். முதல் தடவை என் மறதி. இரண்டாவது தடவை நான் விரித்த வலை. பெற்ற அப்பாவுக்கு.

அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அப்பா போனை எப்போதும் அதிர்வில் போட்டு நெஞ்சோடு வைத்திருப்பது. அம்மா ஒருநாளும் சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிடாமல், எழுந்து வந்து தோளைத் தட்டிப் பேசுவது. அது அம்மாவின் பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். செத்துப்போன சென்சாரின் மேல் காதை வைத்துக் கேட்கிறது என்று அவர் சொன்னது. அது செத்திருந்தால் லாபம் அவருக்குத்தான். அப்படியும் கேட்கிறது என்றார். சாவியைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, பாஸா?"

"அப்பா, பிளக்கை மாட்டவே இல்லப்பா."

அவர் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, எடுத்துப்போக ஆள் வராத சாமான் போல.

"வேணும்னு பண்ணியா?"

"முதல் தடவை மறந்துட்டேன். ரெண்டாவது தடவை வேணும்னுதான்."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே துளைக்கருவி நின்றது. தையல் மெஷினும் நின்றது.

பேசுறது கேக்கும், என்றார் பிறகு. முகத்தைப் பார்த்தால் நன்றாகவே கேட்கும். ஹாரன் கேட்கும். இந்த மெல்லிசான கீச்சுச் சத்தங்கள்தான் எப்போது போயின என்று தெரியவில்லை. ஆலையில் இருந்தபோதே போயிருக்கலாம். அங்கே காதில் அடைக்க ஏதோ கொடுத்தார்கள், அவர் போட்டுக்கொண்டதில்லை. எஞ்சின் சத்தம் மாறினால் தெரியாமல் போய்விடும் என்று பயம். அண்ணனிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்றார். நான் சரி என்றேன். பிறகு எதிர்பாராமல், "மாட்டு. மாட்டிட்டு நிஜமாப் பாரு," என்றார்.

மாட்டினேன். மாட்டியதை இழுத்துப் பார்த்தேன். கண்ணாடிகளை இறக்கி, ரிவர்ஸை எடுத்து மறுபடி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்படி அப்பாவிடம் சொன்னேன். கேட்டருகிலிருந்து பலகையோடு வந்தேன். இந்த முறை சத்தம் தெளிவாக முற்றத்துக்கே கேட்டது. பீப் என்று விட்டுவிட்டு ஆரம்பித்து, நெருங்க நெருங்க ஒன்றையொன்று துரத்தி, கடைசியில் ஒரே கீச்சாக நீண்டது. அப்பாவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஒரு விரலும் எழவில்லை. பலகை பம்பரில் இடித்தது. வண்டி லேசாக அதிர்ந்தது.

"இப்ப," என்றார் அப்பா.

நான் செங்கற்களை எடுத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் வந்தது. அண்ணன் காலை ஊன்றி நிறுத்தினான். அண்ணியின் மடியில் குட்டியும், குட்டியின் மடியில் சிவப்பு சைக்கிளின் கைப்பிடியும் இருந்தன. இறக்கிவிட்ட உடனே குட்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு முற்றத்துக்குள் ஓடினாள்.

அண்ணன் அப்பாவைப் பார்க்காமல் பேசினான். மீட்டர் எல்லாம் சொல்லிவிட்டாள், தான் அவசரப்பட்டுவிட்டேன், சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார்.

"அப்பா, வண்டியைக் கொஞ்சம் வெளிய எடுங்க. ஸ்கூட்டரை உள்ள விடணும்," என்றான் அண்ணன்.

அப்பா தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. குட்டி எங்கே என்று திரும்பினேன். அண்ணி அவளைத் தூக்கி ஓரமாக நிற்க வைத்திருந்தாள். இந்த முறை ஆபத்து எதுவும் இல்லை. எல்லோரும் விழித்துக்கொண்டிருக்கிறோம். நாளை, மறுநாள்?

சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. நடந்துபோய், மதியம் முழுக்க மண்டியிட்டிருந்த அதே இடத்தில், பம்பருக்குப் பின்னால் நின்றேன்.

ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. சென்சார் கத்த ஆரம்பித்தது. நகரு என்றான் அண்ணன். நான் நகரவில்லை. நான் செய்வது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை, இதை எழுதும் இப்போதும் தெரியவில்லை. நடுக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னைப் பார்த்தன. கார் ஒரு நூல் அசைந்து நின்றது. சென்சார் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"மீட்டர், லூசா நீ? நகரு," என்றான் அண்ணன், ஸ்கூட்டரிலிருந்து இறங்கியபடி.

எஞ்சின் நின்றது. சத்தமும் நின்றது. அப்பா இறங்கி வந்தார். சாவியை அண்ணன் கையில் வைத்தார்.

"நீயே எடுப்பா. இந்த சத்தம் எனக்குக் கேக்குறதில்ல. அன்னிக்குக் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது."

அண்ணன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அம்மா வாசற்படிக்கு வந்திருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. காதுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம் என்று அவள்தான் சொன்னாள். சத்தத்துக்குப் பதில் விளக்குகளால் தூரம் காட்டுகிற சென்சாரும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அப்போது சொல்லவில்லை. முதலில் டாக்டர்.

அண்ணன் காரில் ஏறினான். பின்னால் எடுத்தான். அப்பா என் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கத்துதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"எப்படி?"

அவர் கையை எடுத்து மணிக்கட்டில் விரலால் தட்டினேன். ஒன்று. ஒன்று. கேட் தூண் நெருங்கியது. இன்னும் வேகமாகத் தட்டினேன். கார் தூணின் பக்கமாக ஒட்டி வந்தபோது தட்டுவதை நிறுத்தி, விரலை அழுத்தியே வைத்தேன். அப்பா குனிந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தெருவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எடுத்தேன்.